அளவு கேட்ட அத்தை

1

நெதர்லாந்துக்கு வந்து இந்த மே மாதத்தோடு பதினேழு வருடம் முடிகிறது. இதைச் சாக்கிட்டு வருடத்துக்கு ஒரு குறிப்பு எழுதுவது என் வழக்கம். சைக்கிளிலிருந்து விழுந்த கதை, கறிவேப்பிலைச் செடி குளிரில் செத்த கதை, குடியுரிமை வாங்கிய அன்று அலுவலக வாசலில் நின்று அழுத கதை. கூடவே நாலு படம். திருச்சியிலிருந்து நூறு பேராவது கைதட்டுவார்கள். 'கடல் கடந்தும் ஊரை மறக்காதவர்' என்று யாராவது எழுதிவிட்டால் அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியாது. இந்த வருடமும் அப்படி ஒன்று எழுத உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமைதான் அந்த போன் வந்தது.

மேலே போவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதில் இரண்டு பெண் பிள்ளைகள் வருகிறார்கள். என் தம்பி மகளுக்குப் பதிமூன்று வயது. அவளைச் சின்னவள் என்கிறேன். என் மகளுக்குப் பதினாறு. அவள் பெரியவள். தம்பிக்கு முரளி என்றும் அவன் மனைவிக்குச் சுகந்தி என்றும் நானாகப் பெயர் வைத்திருக்கிறேன். படம் எதுவும் கிடையாது. சின்னவளிடம் கேட்டு, அவள் எழுதலாம் என்ற பிறகுதான் எழுதுகிறேன். பதினேழு வருடத்தில் ஒருத்தரைக் கேட்டுவிட்டு அவரைப் பற்றி எழுதுவது இதுதான் முதல் தடவை. என் லட்சணம் அவ்வளவுதான்.

முரளிக்கு எங்கள் அப்பாவைப் போலவே திருவெறும்பூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை. குடியிருப்பது ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டிய ஒரு அபார்ட்மெண்டில். ஞாயிற்றுக்கிழமை இங்கே காலை பத்து என்றால் அங்கே மதியம் ஒன்றரை. சாப்பிட்டு முடித்துவிட்டு வீடியோவில் வருவார்கள். ஜூலையில் நாங்கள் ஊருக்குப் போவதாக இருந்ததால் அன்றைக்குப் பேச்சு பெட்டியைப் பற்றியே போனது.

"அண்ணி, அளவெல்லாம் வந்துச்சுங்களா? ஒரு தடவை பாத்துக்கங்க. இந்த ஆறு மாசத்துல அவ நல்லா வளந்துட்டா" என்றாள் சுகந்தி.

"என்ன அளவு?"

"நீங்கதானே கேட்டீங்க. டிரெஸ் எடுக்கணும், போட்டோவும் அளவும் அனுப்பச் சொன்னீங்கன்னு சொன்னாளே. நான்தான் டேப் வச்சு அளந்து குடுத்தேன்."

"சுகந்தி, நான் கேக்கலை."

அவள் சிரித்தாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தாள். நான் சிரிக்கவில்லை என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

2

வெளிநாட்டில் இல்லாதவர்களுக்கு இந்த அளவு கேட்கும் சடங்கைச் சொல்ல வேண்டும். ஊருக்குப் போக இரண்டு மாதம் இருக்கும்போது எங்களைப் போன்றவர்கள் ஊரிலுள்ள பிள்ளைகளின் அளவைக் கேட்போம். உயரம், இடுப்பு, செருப்பு சைஸ். 'ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, கலர் பாத்து எடுக்கறேன்' என்போம். உடனே அங்கே வீடு பரபரக்கும். தையல் டேப்பைத் தேடுவார்கள். பிள்ளையைச் சுவரோரம் நிறுத்திப் படம் எடுப்பார்கள். 'அத்தை கேக்கறாங்கல்ல, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதே' என்று ஒரு அதட்டல் வேறு. தள்ளுபடியில் பாதி விலைக்கு வாங்கிய சட்டைக்கு இவ்வளவு மரியாதை. வந்த உடுப்பு பாதி நேரம் பொருந்தாது. அதையும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. ஃபாரின் அத்தை கேட்டால் கேட்டதைக் கொடுக்க வேண்டும், ஏன் என்று கேட்கக்கூடாது. இதைத்தான் அந்தப் பிள்ளைக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து சொல்லிக் கொடுத்து வைத்திருந்தோம்.

இது அந்த ஆளுக்குத் தெரிந்திருந்தது. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது, ஆள் என்றே வைத்துக்கொள்ளலாம். நாய் என்று எழுதினால் நாய்க்குக் கேவலம்.

பிப்ரவரியில், படங்கள் போடும் ஒரு ஆப்பில், என் பெயரில், என் படத்தோடு ஒரு கணக்கு முளைத்தது. படம் நான் போட்டதுதான், போன வருடம் துலிப் தோட்டத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. 'பழைய அக்கவுண்ட்ல ஏதோ பிராப்ளம், இனிமே இதுல பேசலாம்டா குட்டி' என்று ஆங்கில எழுத்தில் தமிழ். சின்னவளின் பிறந்த நாளுக்கு மறுநாள் வந்தது. அதற்கு முதல் நாள்தான் நான் அவள் கேக் வெட்டுகிற படத்தைப் போட்டு, அவள் பள்ளியைச் சொல்லி, வகுப்பைச் சொல்லி, பேட்மிண்டனில் வாங்கிய கோப்பையைச் சொல்லி, வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரையும் சொல்லி, 'அத்தையின் உயிர்' என்று முடித்திருந்தேன். வீட்டுச் சாவியை வாசல் கதவில் தொங்கவிட்டுவிட்டு, திருடன் வந்தான் என்று புலம்பினால் கேட்பவர்கள் என்ன சொல்வார்கள்?

முதல் மூன்று வாரம் அந்த ஆள் எதுவும் கேட்கவில்லை. பேசினான். தினமும் பேசினான். சாப்பிட்டாயா, இன்று பள்ளியில் என்ன, எந்த டீச்சர் திட்டினார், எந்தத் தோழியோடு சண்டை. ஒரு கேமுக்குப் பரிசுக் கூப்பன் அனுப்பினான். கணக்கில் குறைந்த மார்க் வாங்கி, ரேங்க் கார்டில் அப்பாவிடம் கையெழுத்து வாங்காமல் அவளே போட்டுக்கொண்டதை அவள் சொன்னபோது, 'சரி விடு, நமக்குள்ள இருக்கட்டும்' என்றான். அந்த 'நமக்குள்ள' என்பதுதான் முதல் கயிறு. பிறகு, 'டிரெஸ் சர்ப்ரைஸ், அப்பாகிட்ட நான் பேசறதைச் சொல்லாதே, அளவு மட்டும் அம்மாகிட்ட எடுத்துக்கோ' என்றான். அளவு போயிற்று. பாவாடை சட்டையில் ஒரு படமும் பள்ளிச் சீருடையில் ஒரு படமும் போயின. பிறகு, 'அளவு சரியாத் தெரியலை, வேற மாதிரி எடுத்து அனுப்பு' என்றான்.

அதற்கு மேல் அவள் அனுப்பவில்லை. மாட்டேன் என்றதும் அத்தையின் குரல் மாறிவிட்டது. 'உனக்காக எவ்வளவு செலவு பண்றேன்' என்று முதலில் குத்திக் காட்டினான். மறுநாளிலிருந்து, ரேங்க் கார்டு விஷயத்தை அப்பாவிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டல்.

3

இந்த மூன்று மாதமும் அந்த வீட்டில் நாலு கண்கள் இருந்தன. அவை எதையும் பார்க்காமல் இல்லை. பார்த்ததற்கெல்லாம் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தன.

போனைக் கவிழ்த்து வைத்தாள். 'இந்தக் காலத்துப் பிள்ளைங்க எல்லாம் அப்படித்தான்.' குளிக்கப் போகும்போதும் போனோடு போனாள். 'பாட்டுக் கேக்கறா.' மெசேஜ் சத்தம் கேட்டால் முகம் வெளுத்தது. 'எக்ஸாம் டென்ஷன்.' பேட்மிண்டனுக்குப் போவதை நிறுத்தினாள். 'வயசுக்கு வந்த பொண்ணு, வெக்கம் வந்துடுச்சு.' சாப்பாடு இறங்கவில்லை, வயிற்று வலி என்றாள். டாக்டர் ஒன்றுமில்லை என்றார். கூப்பன் எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. இலவசமாக வந்ததை எங்கள் வீட்டில் யாரும் கேள்வி கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் போன் செய்யும் நேரத்தில் அவள் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். 'அத்தைன்னா உயிரா இருந்தவ, இப்பல்லாம் பேர் சொன்னாலே எரிஞ்சு விழறா' என்று சுகந்தி என்னிடமே குறைப்பட்டாள். 'டீன் ஏஜ், விடு' என்று அதற்கு விளக்கம் சொன்னது யார்? நான்தான். பிள்ளை வளர்ப்பைப் பற்றி மூன்று குறிப்புகள் எழுதிய மேதை.

கடைசியில் சமயபுரத்துக்கு வேண்டிக்கொண்டார்கள். கையில் கயிறு கட்டினார்கள். உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார்கள். 'அண்ணி போட்டோ போட்டதுல யார் கண்ணோ பட்டிருக்கு' என்றாளாம் சுகந்தி. எங்கள் குடும்பத்தில் திருஷ்டி என்று சொன்னது சரியாக அமைந்தது அந்த ஒரு முறைதான்.

இங்கே எங்கள் சித்தப்பாவைச் சொல்லியாக வேண்டும். அதே தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். திருவெறும்பூரில் இருந்துகொண்டு நாற்பத்து மூன்று பேர் உள்ள குடும்ப வாட்ஸ்அப் குழுவை ஆண்டு வருகிறார். காலையில் ரோஜாப்பூ போட்ட வணக்கம். பத்து மணிக்கு, 'பெண் குழந்தைகளைப் பாதுகாக்கப் பத்து வழிகள், பத்துப் பேருக்குப் பகிரவும்.' பதினொரு மணிக்கு, வேனில் வரும் பிள்ளை பிடிப்பவர்கள் பற்றிய ஒலிப்பதிவு. பன்னிரண்டு மணிக்கு, பேத்தி முறையான சின்னவள் பரிசு வாங்கிய சான்றிதழ், பெயர், வகுப்பு, பிறந்த தேதி எல்லாம் தெரிகிற மாதிரி. அதற்கு முப்பது பேர் கைகூப்புவார்கள். நாற்பத்து மூன்று பேரில் எத்தனை பேரை எனக்குத் தெரியும் என்று எண்ணிப் பார்த்தேன். இருபதைத் தாண்டவில்லை.

4

விஷயம் தெரிந்ததும் முரளி என்ன செய்தான் தெரியுமா? மகளை அழைத்து உட்கார வைத்து என்ன நடந்தது என்று கேட்டிருப்பான் என்று நினைப்பீர்கள். போனைப் பிடுங்கினான். கத்தினான். ஒரு அறை விட்டான். பிறகு அந்த உரையாடல் முழுவதையும் அழித்தான், அவளுடைய கணக்கையும் மூடினான். இருந்த ஒரே சாட்சியைத் தன் கையாலேயே துடைத்துவிட்டு, 'எல்லாம் கிளீன் பண்ணிட்டேன்க்கா' என்று எனக்குப் போன் செய்தான். தரையில் பால் கொட்டியதைத் துடைத்த பெருமை குரலில் இருந்தது.

"அவளை ஏன்டா அடிச்சே?"

"பின்ன என்னக்கா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல எங்ககிட்ட?"

"சொன்னா அடிப்பேன்னுதானே சொல்லலை. இப்ப அதையும் நிரூபிச்சுட்டே."

போலீசில் கம்ப்ளைண்ட் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வைத்தேன். அடுத்த அரை மணியில் சித்தப்பா என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, கம்ப்ளைண்ட் அது இதுன்னு சொல்றியாமே. வேண்டாம்மா. பொண்ணு விஷயம். நாளைக்கு நாலு இடத்துல மாப்பிள்ளை பாக்கணும்."

"அவளுக்குப் பதிமூணு வயசு சித்தப்பா."

"அதாம்மா சொல்றேன். போட்டோ எதுவும் தப்பாப் போகலைல்ல? அப்புறம் என்ன? எவனாச்சும் வடக்கத்தியானா இருப்பான். விட்டுத் தள்ளு."

தப்பாகப் போயிருந்தால் மட்டும் என்ன? ஏமாற்றியவன் ஒரு வளர்ந்த ஆள். ஏமாந்தது எட்டாம் வகுப்புப் பிள்ளை. அவள் எதை அனுப்பியிருந்தாலும் குற்றம் அவளுடையது ஆகாது. இதைச் சித்தப்பாவிடம் இரண்டு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை அவர் போனை வைத்துவிட்டார். அன்று மாலை குழுவில் அவர் போட்டது: 'குடும்ப மானம் காப்பவளே குலமகள்.' முப்பத்தொரு கைகூப்புகள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் எங்கள் ஆட்களுக்கு நிகரில்லை. பிள்ளை சாப்பிடாமல் கிடந்த மூன்று மாதமும் அந்தச் சோறு எங்கே போயிற்றோ.

சின்னவளுக்குத் தண்டனையும் தீர்மானமாகிவிட்டது. இனிமேல் போன் கிடையாது, பேட்மிண்டன் கிடையாது, அடுத்த வருடம் துறையூரில் சுகந்தியின் அக்கா வீட்டில் தங்கி அங்கேயே படிப்பு. தப்பு செய்தவன் எங்கோ ஏசியில் உட்கார்ந்திருக்க, இவளுக்கு நாடு கடத்தல்.

5

நானே புகார் கொடுக்கிறேன் என்று கிளம்பினேன். இந்தியாவில் இதற்கென்று இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. திறந்தேன். இந்திய மொபைல் எண் கேட்டது, அதற்கு ஓடிபி வரும். என் இந்திய எண் செத்துப் பத்து வருடம் ஆகிறது. முரளியின் எண்ணைக் கேட்டேன். 'யோசிச்சுச் சொல்றேன்க்கா' என்றான்.

மறுநாள் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு இங்குள்ள காவல் நிலையத்துக்குப் போனேன். இந்த ஊரில் அழுவதற்குக்கூட முன்பதிவு வேண்டும். வரவேற்பில் இருந்த பெண் மரியாதையாகவே பேசினார். டச்சு மொழியில் தம்பி மகளுக்கும் சித்தப்பா மகளுக்கும் ஒரே சொல்தான். அவர் என் வயதுச் சகோதரி ஒருத்திக்கு நடந்ததாக நினைத்துப் பாதிப் படிவத்தை நிரப்பிவிட்டார். வயது பதிமூன்று என்றதும் நிமிர்ந்து பார்த்து, முதலிலிருந்து எழுதினார். கடைசியில், உங்கள் பெயரில் போலிக் கணக்கு என்பதை நாங்கள் பதிவு செய்கிறோம், ஆனால் குழந்தை இருப்பது இந்தியாவில், புகார் அங்கே கொடுப்பதுதான் முறை என்றார். சாட்சி ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டார். என் தம்பி எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிட்டான் என்பதை டச்சில் எப்படிச் சொல்வது என்று யோசித்து, இல்லை என்று மட்டும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து சமையலறையில் இதைக் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பெரியவள் பள்ளியிலிருந்து வந்து ரொட்டியில் எதையோ தடவிக்கொண்டு நின்றாள். நாங்கள் தமிழில் பேசினால் அவள் காதில் விழாத மாதிரியே இருப்பாள். அன்று திரும்பினாள்.

"ஸ்கிரீன்ஷாட் என்கிட்ட இருக்கு."

அவளுடைய தமிழ் அரைகுறை. நான் தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்தேன். அவள் போனை எடுத்து நீட்டினாள். மூன்று மாத உரையாடலும் இருந்தது, தேதியோடு, அந்தக் கணக்கின் முகவரியோடு. இரண்டு வாரம் முன்பு சின்னவள் இவளுக்கு எழுதியிருக்கிறாள்: 'அக்கா, இது நிஜமாவே உங்க அம்மாவா?' இவள் பார்த்த உடனே இல்லை என்று சொல்லியிருக்கிறாள். பதில் எழுதாதே, எதையும் அழிக்காதே, எல்லாவற்றையும் படமெடுத்து எனக்கு அனுப்பு என்றும் சொல்லியிருக்கிறாள். அந்தக் கணக்கைப் பற்றி ஆப்பிலேயே புகாரும் செய்திருக்கிறாள். இரண்டு குடும்பத்திலும் மூளை இருந்தது அந்த இரண்டு பிள்ளைகளுக்குத்தான்.

"ரெண்டு வாரமா தெரியும். என்கிட்ட ஏன் சொல்லலை?"

அவள் ரொட்டியைத் தட்டில் வைத்தாள். "நான் அம்மாகிட்ட சொல்லலாம்னு சொன்னேன். அவ வேண்டாம்னா. நீ அதை எழுதிடுவேன்னு பயந்தா." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்றாள்.

என் கணவர் பேச்சை மாற்றப் பார்த்தார். நான் அவரைத் தடுத்தேன். அவள் சொன்னதில் மாற்ற ஒன்றுமில்லை. இந்தப் பெண்ணின் முதல் பல் விழுந்ததிலிருந்து முதல் பரீட்சையில் தோற்றது வரை நான் எழுதித் தள்ளியிருக்கிறேன். பிள்ளை விலகிப் போகிறாள், தமிழ் மறக்கிறாள் என்று இரண்டு வருடம் முன்பு ஒரு உருக்கமான குறிப்பு போட்டேன். அவள் விலகிப் போகவில்லை, ஒளிந்துகொண்டிருந்தாள் என்று இப்போதுதான் தெரிகிறது.

ஸ்கிரீன்ஷாட்டுகளில் கடைசியாக ஒன்று இருந்தது. அந்தப் போலிக் கணக்கு யார் யாரைப் பின்தொடர்கிறது என்ற பட்டியல். அதில் சின்னவளின் வகுப்புப் பெண்கள் மூன்று பேர் இருந்தார்கள். அன்று மாலையே டிக்கெட்டை முன்னால் மாற்றினேன். பெரியவளுக்கு ஜூலை வரை பள்ளி, அதனால் நான் மட்டும் கிளம்பினேன்.

6

திருச்சியில் இறங்கியபோது கத்திரி வெயில். முரளி விமான நிலையத்துக்கு வந்திருந்தான். வழி முழுக்க வெயிலைப் பற்றியும் பாலத்தில் நிற்கும் வண்டிகளைப் பற்றியும் பேசினான். வீட்டில் சித்தப்பா எனக்கு முன்பே வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தார், பஞ்சாயத்துக்கு.

நான் யாரிடமும் வாதம் செய்யவில்லை. அந்தப் பட்டியலைச் சுகந்தியிடம் காட்டினேன். மூன்று பெயர்களையும் அவள் வாய்விட்டுப் படித்தாள். மூன்று பேரும் அவள் வீட்டில் சாப்பிட்ட பிள்ளைகள்.

சித்தப்பா ஆரம்பித்தார். "அவங்கவங்க பிள்ளையை அவங்கவங்க பாத்துக்குவாங்கம்மா. நாம எதுக்குப் போயி..."

சுகந்தி எங்கள் குடும்பத்துக்கு வந்து பதினைந்து வருடம். பெரியவர்கள் முன்னால் அவள் உட்கார்ந்துகூட நான் பார்த்ததில்லை. அன்று உட்கார்ந்துகொண்டு பேசினாள்.

"டேப்பைப் புடிச்சு அளந்து குடுத்தது நானுங்க மாமா. எவனோ ஒருத்தனுக்கு எம் பொண்ணை நானே அளந்து குடுத்திருக்கேன். அதை வச்சுக்கிட்டு நான் எப்படிங்க தூங்கறது? நான் ஸ்டேஷனுக்குப் போறேன். யாரும் வரலைன்னாலும் போறேன்."

சித்தப்பா முரளியைப் பார்த்தார். முரளி மகளுடைய அறைக் கதவைப் பார்த்தான். பிறகு எழுந்து வண்டிச் சாவியை எடுத்தான். முப்பத்தொரு கைகூப்பு வாங்கிய குடும்ப மானம் சோபாவிலேயே தனியாக உட்கார்ந்திருந்தது. நாங்கள் திரும்பி வந்தபோது அவர் கிளம்பிவிட்டிருந்தார்.

வாக்குமூலம் வாங்க மறுநாள் காலை ஒரு பெண் அதிகாரி வீட்டுக்கே வந்தார். சீருடை இல்லை, சாதாரணச் சுடிதார். இவ்வளவு நாளில் நான் சந்தித்த பெரியவர்களில் சின்னவளிடம், 'நீ எந்தத் தப்பும் பண்ணலைம்மா' என்று முதல் வாக்கியமாகச் சொன்னவர் அவர்தான். சுகந்தியை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார். வெளியே முரளி குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான். ரேங்க் கார்டு விஷயத்தை அவள் அங்கே சொன்னதைச் சுகந்தி பிறகு அவனிடம் சொன்னாள். மகள் இவ்வளவு நாள் எந்த மிரட்டலுக்குப் பயந்து கிடந்தாள் என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. தான் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தந்திருக்க வேண்டிய ஒரு காகிதத்துக்கு.

பிறகு அதிகாரி என்னைக் கூப்பிட்டார். அவர் கையில் என் குறிப்புகளை எல்லாம் அச்செடுத்து வைத்திருந்தார். ஒரு கணம் என் எழுத்துக்கு வாசகி ஒருத்தர் என்று நினைத்தேன் என்று சொன்னால் என்னை எந்தச் செருப்பால் அடிப்பது?

"இது பாப்பாவோட ஸ்கூல் பேரு. நீங்க போட்டதுதானே மேடம்?"

"ஆமாங்க."

"இது கிளாஸ், செக்‌ஷன். இது கிளாஸ் விட்டு பேட்மிண்டனுக்குப் போற டைம். இது வீட்ல கூப்பிடற பேரு. இது அபார்ட்மெண்ட் வாசல், போர்டு தெரியுது. இதுல டிரெஸ் அளவு கேட்டு வாங்கறதை நீங்களே காமெடியா எழுதியிருக்கீங்க."

"ஆமாங்க."

"அவன் புதுசா எதையும் கண்டுபிடிக்கலை மேடம். உங்களைப் படிச்சிருக்கான்."

அவர் குரலில் கோபம் இல்லை. தினமும் பார்ப்பதைச் சொல்கிற குரல். யார் என்று இன்னும் பிடிபடவில்லை. கணக்கு முடங்கிவிட்டது. அந்த மூன்று பெண்களின் வீட்டுக்கும் சுகந்தியே நேரில் போய்ச் சொன்னாள். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் ஒரு பெண் அழ ஆரம்பித்தாளாம். அவளுக்கும் ஒரு அத்தை எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள்.

துறையூர்ப் பேச்சு நின்றது. பேட்மிண்டன் மட்டை பரணிலிருந்து இறங்கியது. நான் எழுதியவற்றில் பிள்ளைகள் வரும் இடங்களையும் படங்களையும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து நீக்கினேன். நீக்கிய பிறகு மீதி இருந்தது சைக்கிளும் கறிவேப்பிலைச் செடியும்தான். இவ்வளவு நாள் நான் எழுதியது எவ்வளவு அற்பம் என்று அன்று தெரிந்தது.

கிளம்புவதற்கு முதல் நாள் காலை சின்னவளும் நானும் சாப்பாட்டு மேசையில் தனியாக இருந்தோம். மன்னிப்புக் கேட்டேன். 'பரவால்ல அத்தை' என்றாள், நாம் தண்ணீர் கொட்டிவிட்டால் பிள்ளைகள் சொல்கிற மாதிரி. ரொம்ப நாளாக மனதில் இருந்த ஒன்றைக் கேட்டேன்.

"அது நான் இல்லைன்னு உனக்கு எப்படிச் சந்தேகம் வந்துச்சு? போட்டோ கேட்டதுனாலயா?"

"இல்லை, அதுக்கு முன்னாடியே."

"எப்படி?"

சொல்லலாமா என்று பார்த்தாள். "அவங்க ஒரு கேள்வி கேட்டா, நான் பதில் சொல்ற வரைக்கும் வெயிட் பண்ணாங்க. நீங்க 'சாப்பிட்டியாடா'ன்னு கேப்பீங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள 'சரி, அப்பாகிட்ட போனைக் குடு'ன்னுடுவீங்க."

அவள் குறையாகச் சொல்லவில்லை. கேட்டேன், சொன்னாள். நான் தண்ணீர் குடித்தேன். நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"சரி, இப்ப சொல்லு. நேத்து ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?"

"ஸ்கூல் லீவு அத்தை" என்றாள். "மே மாசம்."